கம்பித் தோல்

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் இன்ஸாஃப்.

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியம் அது. சொல்லச் சொல்லக் குரல் ஏறியதே தவிர இறங்கவில்லை.

மேஜர் வஹீத் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "இங்க பாரும்மா. மலையடி மருத்துவமனைக்குப் போற கேபிளை எவனோ உருவிட்டான். அன்னிலேருந்து அங்க கரண்ட் இல்ல. குறைமாசக் குழந்தைகளை ராத்திரியோட ராத்திரியா வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. அந்தக் கேபிளோட தோல் முழுக்க உன் காயலாங்கடைக் கொட்டகையில மூட்டையா கிடைச்சிருக்கு. நீ ஒத்துக்கிட்டா நானும் கொஞ்சம் பார்த்து எழுதுவேன்."

"நீங்க பார்த்து எழுத வேண்டாம். நான் எடுக்கல."

சுவரோரமாக நின்றிருந்த ஷௌகிக்கு அவளைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அடித்தால் உடைந்துவிடுகிற ஒல்லி உடம்பு. ஆனால் ஒரு மேஜரையே பெருமூச்சு விட வைத்திருக்கிறாள்.

ஷௌகி, அஃபாஃப் மேடத்தின் காரோட்டி, உதவியாளன், கூடவே ஆலோசகன். கடைசிப் பதவி அவனாகக் கொடுத்துக்கொண்டது. மேடம் முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்த் தீ விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். கம்பெனித் தலைவரின் மைத்துனன் கொளுத்திய கிடங்கையும் கண்டுபிடித்துத் தொலைத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அன்று முதல் கெய்ரோவில் போலீஸ் கைவிட்ட வழக்குகளும், போலீஸ் அவசரமாக முடித்த வழக்குகளும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டின. இன்று தட்டியவள் இன்ஸாஃபின் தங்கை.

"வஹீத் பாஷா, அந்த மூட்டையை நான் பார்க்கலாமா?" என்றார் அஃபாஃப்.

"பாருங்க மேடம். மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதும் வேன் வந்துடும். இவளை அரசு வக்கீல் முன்னால நிறுத்தணும். அதுவரைக்கும் என்ன வேணாலும் பாருங்க."

மூட்டைக்குள் நீளவாக்கில் பிளந்த கறுப்புத் தோல்கள், செத்த பாம்புகள் மாதிரிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப அச்சிட்டிருந்தது: ரம்ஸீ. ரம்ஸீ. ரம்ஸீ.

"யாரு இந்த ரம்ஸீ?" என்றான் ஷௌகி. "காதல் தோல்வியா?"

"எஞ்சினியர் ரம்ஸீ" என்றார் மேஜர். "அந்த மருத்துவமனைக்குக் கேபிள் போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர். தர்ம காரியம்னு பாதி விலையில செஞ்சாராம். மணிக்கட்டு தண்டிக் கேபிள். தன் பேரையும் அதுல போட்டிருக்கார். அதனாலதான் தோல் அதோடதுன்னு உறுதியா சொல்றோம்."

"மண்ணுக்கடியில குழாய்க்குள்ள போற கேபிள்ல பேரா? புழு படிக்கவா?"

அஃபாஃப் ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். வெட்டு நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. பின்பக்கத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள், வரிசையாக. வரிசையில் சீரான இடைவெளிக்கு ஒருமுறை ஒரு பல் மட்டும் பதியாமல் விட்டிருந்தது.

"இன்ஸாஃப், நீ கம்பி எதால உரிப்ப?"

முதன்முறையாக அவள் மறுப்பு அல்லாத ஒரு வாக்கியம் பேசினாள். "பலகையில கத்தியை அடிச்சு வச்சிருக்கேன்க்கா. கம்பியை அதுமேல வச்சு இழுத்தா தோல் தானா வந்துடும். நான் மட்டுமில்ல, மன்ஷியத் நாஸர்ல எங்க தெரு முழுக்க அப்படித்தான்."

"மெஷின்?"

"ஒருதரம் வாங்கினேன். கையால சுத்துற மெஷின். நான் ஒரு மூட்டை முடிக்கிற நேரத்துல அது நாலு கம்பி தின்னும். தூக்கிப் போட்டுட்டேன்."

"இந்த வேலைக்கு மட்டும் மெஷினைக் கடன் வாங்கியிருக்கலாமே" என்றார் மேஜர்.

"ஏன் வாங்கணும்? கால் இருக்கறவன் கட்டைக்காலைக் கடன் வாங்குவானா?"

ஷௌகி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அஃபாஃப் ஒரு தோலைக் கைப்பையில் திணித்தார். "பாஷா, இது என்னோட வருது. திரும்பவும் வரும்."

* * *

பழைய ஃபியட் நாலு தடவை இருமி, ஐந்தாவது இருமலில் கிளம்பியது.

"எங்க மேடம்?"

"ஸப்திய்யா. கருவி வாங்கப் போறோம்."

"நம்ம தொழில் அவ்வளவு மோசமாவா போயிடுச்சு? சொல்லியிருந்தா நான் வாயாலயே உரிச்சிருப்பேனே. எங்கம்மா நான் பேச ஆரம்பிச்சா தோல் உரியுதுன்னு சொல்வாங்க."

"ஓட்டு."

ஸப்திய்யா கடைத்தெருவில் இரும்பு இல்லாத இடமென்றால் அது டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் மட்டும்தான். ஸனூஸி என்பவரின் கடையில் கருவிகள் கூரையிலிருந்து தொங்கின. குட்டையான ஆள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேடத்தை அளந்தார்.

"கம்பி உரிக்கவா? என்ன கம்பி? மெலிசா, தடியா? தினமும் உரிப்பீங்களா, வருஷத்துக்கு ஒருதரமா?"

"எனக்கே தெரியல" என்றார் அஃபாஃப். "எல்லாத்தையும் காட்டுங்க. இந்தப் பையன் போட்டுப் பார்ப்பான்."

"நான் பையன் இல்ல, ஆலோசகன்" என்றான் ஷௌகி. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஸனூஸி மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பலகையில் பொருத்திய கத்தி. ஷௌகி கடையில் கிடந்த பழைய கம்பி ஒன்றை அதன்மேல் வைத்து இழுத்தான். தோல் நாடாபோலச் சுருண்டு விழுந்தது. பின்பக்கம் வழவழப்பு, ஒரு தடமும் இல்லை. இரண்டாவது மோட்டார் மெஷின். அது ஷௌகியின் சட்டைக் கையையும் சேர்த்து விழுங்கப் பார்த்துவிட்டு, கம்பியின் இரண்டு பக்கமும் ஆழமான தடத்தோடு துப்பியது.

"அதை நிறுத்துங்கண்ணே. எனக்குத் தோல் ஒண்ணுதான் இருக்கு."

மூன்றாவது கை மெஷின். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பல் சக்கரம் கம்பியைப் பிடித்து உள்ளே தள்ளும், எதிரே சின்னக் கத்தி கீறும். ஷௌகி வியர்க்க வியர்க்கச் சுற்றினான். தோல் வெளியே வந்தது: நேரான வெட்டு, பின்பக்கம் ஒரே வரிசைப் பல் தடம்.

அஃபாஃப் கைப்பையிலிருந்த தோலை அதன் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. தம்பிக்கு மட்டும் இடையிடையே ஒரு பல் இல்லை.

பிறகு அவர் செய்ததுதான் ஷௌகிக்குப் புரியவில்லை. மெஷினில் கம்பி நுழைகிற ஓட்டைகளில் பெரியதைத் தேடி அதில் தன் நடுவிரலை விட்டார். விரல் இறுக்கமாகப் போய் மாட்டிக்கொண்டது. அதை உருவிக்கொண்டு, இன்சூரன்ஸ் காலத்தில் பெட்ரோல் வாசனை பிடித்தபோது சிரித்திருப்பாரே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இதைவிடப் பெரிய ஓட்டையோட கை மெஷின் உண்டா?"

"கிடையாது. கை சுத்தறதுக்கு ஒரு அளவு இருக்கில்ல. இதுக்கு மேல தடிச்சா கத்தி, இல்லாட்டி மோட்டார்."

"சமீபத்துல இது யாராவது வாங்கினாங்களா? பல்லு உடைஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல."

ஸனூஸியின் முகம் சட்டென்று சிவந்தது. குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மெஷினை எடுத்து டொம்மென்று வைத்தார். சக்கரத்தில் ஒரு பல் இல்லை. மற்ற பற்களின் இடுக்கில் கறுப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, எனக்கு எரியும். போன வாரம் ஒரு ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நகத்துல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. கையில ஒரு கேபிள் துண்டு, புத்தம் புதுசு. அதை விட்டுப் பார்த்து, சரியாப் போகுதான்னு சோதிச்சுட்டு வாங்கிட்டுப் போனான். இத்தனை வருஷத்துல காயலாங்கடைக்காரன் எவனும் புதுக் கேபிளை உரிக்கக் கொண்டுவந்து நான் பார்த்ததில்ல. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வர்றான். பல்லை உடைச்சுட்டு, 'எனக்கு வேண்டாம், எடுத்துக்கோ'ங்கறான். கத்திக் கத்திப் பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டான். மானம் போகுதேன்னு வாங்கி வச்சேன்."

"அவரை மறுபடி பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"தூக்கத்துலயே தெரியும்."

"அப்ப கடையைச் சாத்துங்க" என்றார் அஃபாஃப். "மெஷினையும் எடுத்துக்குங்க."

ஸனூஸி அவ்வளவு வேகமாக ஷட்டரை இழுப்பாரென்று ஷௌகி எதிர்பார்க்கவில்லை.

* * *

காரில் ஷௌகி கொண்டாட்டமாக இருந்தான். "முடிஞ்சது மேடம். உரிச்சது வேற ஆள். இன்ஸாஃப் வீட்டுக்குப் போகலாம்."

"வஹீத் என்ன சொல்வார்?"

ஷௌகி யோசித்தான். உற்சாகம் மெல்ல இறங்கியது. "அவன் அவளோட கூட்டாளின்னு சொல்வார்."

"சொல்வார். அதனால நேரா மருத்துவமனைக்குப் போ."

மலையடி மருத்துவமனையின் நடைவழி இருட்டாக இருந்தது. டாக்டர் ஸுஹைர் மேஜையில் ஒரு மெழுகுவத்தி. நிறைய நாள் தூங்காத கண்கள்.

"அந்தப் பொம்பளைக்காக வந்திருக்கீங்கன்னா தயவுசெஞ்சு போயிடுங்க. என் கையில ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறினதை நான் பார்த்தேன்."

"அதைச் செஞ்சது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன் டாக்டர். உங்க கேபிளை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"எங்க பார்க்கிறது? வெள்ளிக்கிழமை லீவு நாளா பார்த்து ரம்ஸீ குழாய்க்குள்ள போட்டு மண்ணை மூடிட்டார். மாதிரிக்கு ஒரு துண்டு கொடுத்தார். இதோ." காகிதங்கள் பறக்காமல் இருக்க மேஜையில் வைத்திருந்த கறுப்பு உருளையை நகர்த்தினார். குழந்தை மணிக்கட்டு தண்டி இல்லை, பெரிய ஆள் மணிக்கட்டு தண்டி. அதிலும் ரம்ஸீ என்ற பெயர்.

"வாசல்ல போர்டு பார்த்தேன். புது எக்ஸ்ரே மெஷின் வர்றதா போட்டிருந்ததே?"

"வந்திருக்கணும். அதுக்கு முன்னால மின்சார அலுவலகத்துலேருந்து வந்து குழாயைத் திறந்து கேபிளைப் பார்க்கிறதா சொன்னாங்க. அதுக்குள்ளதான் திருட்டுப் போச்சே."

ஷௌகியின் மண்டைக்குள் ஏதோ 'டிக்' என்றது. ஆனால் விளக்கு இன்னும் எரியவில்லை.

"இந்தத் துண்டோட நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார் அஃபாஃப்.

"எதுக்கு?"

"உங்க குழந்தைகளுக்காகக் கோபப்படறதுக்கு. சரியான ஆள்மேல."

* * *

ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. இன்ஸாஃபை வேனில் ஏற்றுவதைப் பார்க்க மன்ஷியத் நாஸரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். சிலர் துப்பவும் தயாராக இருந்தார்கள். ஸனூஸியைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அஃபாஃப் உள்ளே போனார்.

உள்ளே எஞ்சினியர் ரம்ஸீ நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஷௌகி அவருடைய நகங்களைப் பார்த்தான். ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"இவளை இன்னும் அனுப்பலையா பாஷா?" என்றார் ரம்ஸீ. "ஏய், குழந்தைங்க பாவம் உன்னைச் சும்மா விடாது."

"விட வேண்டாம்" என்றாள் இன்ஸாஃப். "யாரைப் பிடிக்கணுமோ பிடிக்கட்டும்."

அஃபாஃப் தோலை மேஜைமேல் நீட்டி வைத்தார். "பாஷா, இந்த அம்மா விடுதலை. இந்தத் தோல் மருத்துவமனைக் கேபிளோடதே இல்ல."

ரம்ஸீ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன பேசறீங்க? என் பேர் இருக்கு பாருங்க. நானே ஸ்டென்சில் வச்சு அடிச்சது."

"வேற யாராவது உங்க பேரை அடிச்சிருக்கலாம்."

"முடியாது. இந்த எழுத்து, இந்த வெள்ளை, என் பட்டறையில செஞ்சது. நான் போட்ட கேபிள்தான் இது. சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

"நிச்சயமா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். பாஷா, எழுதிக்குங்க."

மேஜர் எழுதினார். ஷௌகி மேடத்தைத் திகைப்போடு பார்த்தான். அவர் வாதத்தை அவரே கெடுத்துக்கொண்டாற்போல இருந்தது. இன்ஸாஃப்கூட முதன்முறையாக முகம் வெளிறினாள்.

"நன்றி" என்றார் அஃபாஃப். "டாக்டர், அந்தத் துண்டு."

டாக்டர் ஸுஹைர் கறுப்பு உருளையை மேஜைமேல் வைத்தார். அஃபாஃப் தோலை எடுத்து, போர்வை போர்த்துகிற மாதிரி அதைச் சுற்றிப் போர்த்தினார். தோல் பாதி தூரம்கூட வரவில்லை. முதுகுக்கு எட்டாத சட்டைபோல இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பிறகு அதே தோலைத் தன் நடுவிரலில் சுற்றினார். விளிம்போடு விளிம்பு பொருந்தி மூடிக்கொண்டது.

மேஜரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"நீங்க டாக்டருக்குக் காட்டினது இது" என்றார் அஃபாஃப், உருளையைத் தட்டி. பிறகு தோல் சுற்றிய விரலை நீட்டினார். "மண்ணுக்குள்ள போட்டது இது. எக்ஸ்ரே மெஷினை மாட்டியிருந்தா அன்னிக்கே எரிஞ்சிருக்கும், கட்டடத்தோட. மின்சார அலுவலகம் குழாயைத் திறக்கப் போகுதுன்னதும் கேபிளைக் காணாமப் பண்ணிட்டீங்க."

"இது... இது என் கேபிள் இல்ல" என்றார் ரம்ஸீ.

"இப்பத்தானே சத்தியம் பண்ணீங்க" என்றான் ஷௌகி. "சூடு ஆறவே இல்லையே."

ரம்ஸீ மேஜரிடம் திரும்பினார். "பாஷா, அளவுல ஏதோ குளறுபடி நடந்திருக்கலாம். என் ஆளுங்க மாத்திப் போட்டிருப்பானுங்க. அதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்? திருடினது இவதானே?"

"அதையும் பார்த்துடலாம்" என்றார் அஃபாஃப். "ஊரே மணிக்கட்டு தண்டிக் கேபிள்னு நம்பிட்டிருந்தது. அதைத் திருடக் கிளம்பறவன் அதுக்கேத்த கருவியோடதான் போவான், பெரிய கத்தியோ மோட்டாரோ. ஆனா இதை உரிச்சவன் விரல் நுழையற அளவு சின்ன மெஷினை முன்கூட்டியே போய், பொருத்திப் பார்த்து வாங்கியிருக்கான். உள்ளே இருக்கிறது மெலிசுன்னு தோண்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தர்தான். ஷௌகி, வெளியில உட்கார்ந்திருக்கிறவரைக் கூப்பிடு."

ஷௌகி கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஸனூஸி பொறுமையிழந்து மெஷினை இடுப்பில் இடுக்கியபடி ஏற்கெனவே வாசலில் நின்றார். உள்ளே பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பரம திருப்தி பரவியது.

"இந்த ஆள்தான். பல்லை உடைச்சுட்டு வந்து திருப்பிக் கொடுத்த மகராசன்."

மெஷின் மேஜையில் உட்கார்ந்தது. உடைந்த பல்லுக்கு நேராக, தோலில் பதியாத இடம் பொருந்திப் போனது.

டாக்டர் ஸுஹைர் ரம்ஸீயின் முன்னால் வந்து நின்றார். அடிப்பாரோ என்று ஷௌகி நினைத்தான். அவர் கேட்டது மட்டும்தான்: "மெலிசு கேபிள்ல மிச்சம் பிடிச்சது பத்தலையா? உரிச்ச செம்பையும் வித்தீங்களா?"

ரம்ஸீ அவர் பார்வையைத் தவிர்த்துச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏன் என் கொட்டகை?" என்றாள் இன்ஸாஃப். அவள் குரல் இப்போதுதான் தாழ்ந்திருந்தது. தாழ்ந்ததும் அதிகப் பயமாக இருந்தது. "நான் உனக்கு என்ன பண்ணேன்?"

ரம்ஸீ தரையைப் பார்த்தார். "நீ எல்லார்கிட்டயும் சண்டை போடறவ. உனக்காக யாரும் வந்து பேச மாட்டாங்கன்னு..."

"நானே பேசிக்கிட்டேன்" என்றாள் இன்ஸாஃப்.

லுஹர் பாங்கு ஒலித்தது. வேன் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. ஏற வேண்டிய ஆள் மட்டும் மாறியிருந்தார்.

மேஜர் வஹீத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போகலாம்மா. முன்னால கூட்டமா இருக்கு. பின்பக்கக் கதவு வழியா அனுப்பறேன், தொந்தரவு இல்லாம போயிடு."

இன்ஸாஃப் எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்து, உதறி, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"நேத்து என்னை முன் வாசல் வழியாத்தானே இழுத்துட்டு வந்தீங்க பாஷா. அத்தனை பேரும் பார்க்க. இப்பவும் அப்படியே போறேன். நீங்களும் கூட வாங்க. அவங்ககிட்ட நான் எடுக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அது வந்து... வழக்கமில்லையே."

"இழுத்துட்டு வர்றது மட்டும் வழக்கமா?"

மேஜர் அஃபாஃபைப் பார்த்தார். அஃபாஃப் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

படிக்கட்டின் மேல் நின்று அவர் சொன்னது இரண்டே வாக்கியம். திருடியது எஞ்சினியர் ரம்ஸீ, இந்த அம்மா குற்றமற்றவர். கூட்டத்தில் சளசளப்பு அடங்கியது. துப்ப வந்தவர்கள் விழுங்கினார்கள். தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இன்ஸாஃப் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் பதிலுக்குப் பார்க்கவில்லை.

"வாங்கக்கா, கார்ல விட்டுடறேன்" என்றான் ஷௌகி கதவைத் திறந்து.

"வேண்டாம் தம்பி. நடந்தே போறேன். தெருவுல இருக்கறவங்களும் பார்க்கட்டும்."

நடந்தாள். ஓரமாக அல்ல, சாலையின் நட்டநடுவில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு. ஃபியட் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தது. அதற்குப் பின்னால் வெங்காயம் ஏற்றிய லாரி, அதற்குப் பின்னால் இரண்டு மினிபஸ்கள். ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து அலறின.

லாரிக்காரன் தலையை நீட்டினான். "யோவ், அந்தப் பொம்பளையை ஓரமாப் போகச் சொல்லுய்யா."

ஷௌகி கண்ணாடியை இறக்கினான். "நானா? ஒரு மேஜரே இப்பத்தான் தோத்துட்டுத் தொப்பியைக் கழட்டறாரு. நீ வேணா இறங்கிப் போய்க் கேட்டுப் பாரு."

லாரிக்காரன் முன்னால் போகும் முதுகை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் என்ஜினை அணைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான்.